அண்ணன் தந்தால் வரி, மாமா தந்தால் இல்லை

தஞ்சாவூர் அருகே தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டிக்கொண்டிருக்கும் வீடு பாதியில் நிற்கிறது. சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருக்கும் தாய்மாமன் 30,000 சிங்கப்பூர் டாலர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகன் 5 லட்சம் ரூபாய் அனுப்ப நினைக்கிறார். கணவரின் துபாய் நண்பர், தை மாதம் நடக்கவிருக்கும் மூத்த மகளின் கல்யாணத்துக்கு 3 லட்சம் தர விரும்புகிறார். இவற்றுக்கு வரி உண்டா, பணத்தை எந்த வழியில் வாங்குவது, வெளிநாட்டு நாணயமாகவே வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்பது அவர் கேள்வி.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். மாமாவின் பணத்துக்கு உங்களுக்கு வரி இல்லை, எவ்வளவு வந்தாலும் இல்லை. பெரியப்பா மகனின் 5 லட்சமும் முழுவதுமாக உங்கள் வருமானத்தில் சேரும். நண்பரின் 3 லட்சம் மகளின் கணக்குக்கு, அவளுடைய திருமணப் பரிசாக வந்தால் வரி இல்லை. உங்கள் கணக்குக்கு வந்தால் உண்டு. மூன்று பேரும் உங்கள் மீதுள்ள அன்பால்தான் தருகிறார்கள். சட்டம் அன்பை அளப்பதில்லை, உறவுமுறையை மட்டும் பார்க்கிறது. அதுவும் நம் வீட்டு உறவுமுறையை அல்ல.

நான் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெளிநாட்டிலிருந்து பணம் வரும்போது குழப்பம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்ததைப் பார்த்திருக்கிறேன். 'வெளிநாட்டுப் பணம் என்பதால் வரி', 'வெளிநாட்டுப் பணம் என்பதால் வரி இல்லை' என்று இரண்டு விதமாகவும் மக்கள் நம்புகிறார்கள். இரண்டும் தவறு. அன்பளிப்புக்கு வரி உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது தருகிறவர் உங்களுக்கு யார் என்பதுதான். அவர் இருக்கும் ஊர் அல்ல. பணம் கடல் கடந்து வருவதால் கூடுதலாக அந்நியச் செலாவணிச் சட்டம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

முன்பு அன்பளிப்பு வரி என்றே தனிச் சட்டம் இருந்தது. 1958இல் வந்த அந்தச் சட்டத்தில் கொடுப்பவர் வரி கட்டினார். 1998 அக்டோபர் 1 முதல் அந்த வரி நீங்கியது. சில ஆண்டுகள் எதுவும் இல்லாமல் இருந்து, 2004 செப்டம்பர் முதல் வாங்குபவரின் வருமானத்தில் சேர்க்கும் முறை வந்தது. அப்போது வரம்பு 25,000 ரூபாய். 2006 ஏப்ரலில் அது 50,000 ஆயிற்று. இன்றுவரை அதே 50,000தான். 2006இல் அந்தப் பணத்துக்கு ஆறேழு பவுன் நகை வாங்கியிருக்கலாம். இன்று ஒரு பவுன்கூட வராது. இவ்வளவு காலம் இந்த வரம்பைத் தொடாமல் வைத்திருப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் சட்டம் அதுதான். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும், இந்த அடிப்படை மாறவில்லை.

விதி இது: உறவினர் பட்டியலில் இல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரலிலிருந்து மார்ச் வரை, நீங்கள் வாங்கும் பணம் எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானம். தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் வரி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு தோழி 40,000, இன்னொரு தோழி 15,000 தந்தால் 55,000 ரூபாயும் கணக்கில் ஏறும்.

உறவினர் யார்? சட்டத்தின் பட்டியலை நம் வீட்டு வார்த்தைகளில் சொல்கிறேன். கணவன் அல்லது மனைவி. உடன்பிறந்தவர்கள். கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள். உங்கள் அம்மாவின், அப்பாவின் உடன்பிறந்தவர்கள். பெற்றோர், தாத்தா, பாட்டி என்று நேராக மேலே போகிறவர்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நேராகக் கீழே வருகிறவர்கள். உங்கள் வாழ்க்கைத் துணைக்கும் அதே மேல்வழி, கீழ்வழி. கடைசியாக, இதுவரை சொன்ன எல்லோருடைய கணவன்மார், மனைவிமார்.

இதை வைத்துப் பாருங்கள். தாய்மாமன், அத்தை, சித்தப்பா, பெரியம்மா உள்ளே வருகிறார்கள். அவர்களைக் கட்டியவர்களும் உள்ளே. மாமனார், மாமியார், மருமகன், மருமகள், மைத்துனர், கொழுந்தன், நாத்தனார் உள்ளே. ஓரகத்தியும் சகலையும்கூட உள்ளே. ஆனால் பெரியப்பா மகன் இல்லை. சித்தி மகள் இல்லை. அத்தை மகன், மாமன் மகள் இல்லை. சம்பந்தி இல்லை. உங்கள் சொந்தத் தாய்மாமன் பட்டியலில் இருக்கிறார். உங்கள் கணவரின் தாய்மாமன் உங்களுக்கு இல்லை.

தமிழில் பெரியப்பா மகனுக்குத் தனிப்பெயர் கிடையாது. அவரும் அண்ணன்தான். ஒரே முற்றத்தில் வளர்ந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, கூடப்பிறந்தவர் என்றே நினைத்து வாழ்ந்திருப்போம். அதனால்தான் விவரம் கேட்கும்போது 'அண்ணன் அனுப்பினார்' என்று சொல்லி, சிலர் கணக்கையே அப்படித் தாக்கல் செய்துவிடுகிறார்கள். பின்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்போது பொய் சொன்னவர்போல நிற்க வேண்டியிருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை, தமிழில் பேசினார்கள். பணம் வருவதற்கு முன்பே ஒரு தாளில் வம்ச வரிசையை எழுதி, தருகிறவர் எந்தக் கிளையில் இருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இந்தப் பட்டியலில் என்னை இன்னும் வருத்துகிற இடம் ஒன்று உண்டு. உறவு ஒரு திசையில் செல்லும், மறு திசையில் செல்லாது. சித்தப்பா அண்ணன் மகனுக்குப் பணம் தந்தால் வரி இல்லை, ஏனென்றால் வாங்குகிறவருக்கு அவர் அப்பாவின் உடன்பிறந்தவர். அதே அண்ணன் மகன் சித்தப்பாவுக்குத் தந்தால் வரி உண்டு. உடன்பிறந்தவரின் பிள்ளை பட்டியலில் இல்லை. பிள்ளையில்லாத சித்தப்பா சித்தியால் வளர்க்கப்பட்ட ஒருவர் வளைகுடா நாட்டிலிருந்து மாதம் 15,000 ரூபாய் அவர்களுக்கு அனுப்பிவந்தார். ஆண்டுக்கு 1,80,000. படிக்க வைத்த கைகளுக்கு மகனாக நின்று அனுப்பிய அந்தப் பணம், சட்டப்படி அந்தப் பெரியவரின் 'இதர வருமானம்'. அவருக்கு வேறு வருமானம் இல்லாததால் கட்ட வேண்டிய வரி என்று எதுவும் வரவில்லை. ஆனால் 'வளர்த்த பிள்ளை அனுப்புவதை வருமானம் என்று எழுதச் சொல்கிறார்களே' என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. இப்படி அனுப்புகிறவர்களும் வாங்குகிறவர்களும் தமிழ்நாட்டில் ஏராளம். பட்டியலை இரு திசையிலும் செல்லும்படி ஆக்கினால் அரசுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடாது.

இனி உங்கள் அண்ணனின் 5 லட்சத்துக்கு வருவோம். கழிவுகள் போக உங்கள் வரிக்கு உட்பட்ட வருமானம் 9 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் இப்போது நீங்கள் ஒரு ரூபாயும் கட்டுவதில்லை. இந்த 5 லட்சம் சேர்ந்தால் 14 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடுகிறது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அதாவது 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. மேலே உள்ள 2 லட்சத்துக்கு 15 சதவீதம், 30,000. மொத்தம் 90,000, அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் வரி சேர்ந்து 93,600 ரூபாய். வரியே கட்டாத ஒருவருக்கு ஓர் அன்பளிப்பால் இவ்வளவு வருகிறது. இதே 5 லட்சம் வேறு வருமானம் இல்லாத ஓர் இல்லத்தரசிக்கு வந்திருந்தால், அதே தள்ளுபடியால் வரி பூஜ்யம். ஆனால் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டுவதால் அவர் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

இதைக் குறைக்க நேர்மையான வழிகள் உண்டு. 50,000 வரம்பு வாங்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. அண்ணன் உங்களுக்கு 50,000, உங்கள் கணவருக்கு 50,000, பதினெட்டு வயது கடந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு 50,000 என்று தரலாம், அந்த ஆண்டில் அவர்கள் வேறு வெளியாரிடம் எதுவும் வாங்காமல் இருந்தால். மார்ச் மாதம் ஒரு முறை, ஏப்ரல் பிறந்ததும் மறுமுறை தந்தால் இரண்டு நிதியாண்டுகளாகப் பிரிந்துவிடும். பெரியவள் கல்யாணத்துக்குச் சீராகத் தர நினைத்திருக்கும் பகுதியை அவள் கணக்குக்கே நேராக அனுப்பலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொரு யோசனையை யாராவது உங்களிடம் நிச்சயம் சொல்வார்கள்: அண்ணன் தன் அப்பாவுக்கு, அதாவது உங்கள் பெரியப்பாவுக்கு அனுப்பட்டும், பெரியப்பா உங்களுக்குத் தரட்டும், இரண்டு கையிலும் வரி இல்லை. பட்டியல்படி உண்மைதான். மகன் தந்த பணத்தைத் தன்னுடையதாக வைத்திருக்கும் ஒரு பெரியவர், தன் தம்பி மகளுக்குத் தன் விருப்பத்தால் கொடுத்தால் அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை அவர் கணக்கில் 5 லட்சம் விழுந்து செவ்வாய்க்கிழமை உங்கள் கணக்குக்கு வந்தால், இது யாருடைய பணம் என்று அதிகாரி கேட்பார். அந்தக் கேள்விக்கு எழுபது எண்பது வயதுக்காரரைப் பதில் சொல்ல வைப்பீர்களா? நான் இதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

கல்யாணத்துக்கு வருகிறேன். ஒருவருடைய திருமணத்தை ஒட்டி அவருக்கு வரும் பரிசுக்கு யார் தந்தாலும் வரி இல்லை, தொகை வரம்பும் இல்லை. விலக்கு மணமக்களுக்கு மட்டும்தான், பெற்றோருக்கு இல்லை. நம் ஊரில் மொய் எழுதுவது அப்பா பெயரில், பணம் போவது அப்பாவின் பையில். துபாய் நண்பர் பழக்கத்தில் உங்கள் கணவரின் கணக்குக்கு 3 லட்சம் அனுப்பினால், அது நண்பர் நண்பருக்குத் தந்த பணம் ஆகிவிடும். முழுவதும் உங்கள் கணவரின் வருமானம். மகளின் பெயரில் உள்ள கணக்குக்கு, கல்யாண நாளை ஒட்டி, திருமணப் பரிசு என்று எழுதி வரட்டும். பத்திரிகை ஒன்றையும் மொய் நோட்டையும் பத்திரமாக வையுங்கள். மொய் நோட்டு வெறும் ஊர்க் கணக்கு அல்ல, நல்ல சான்று. சீமந்தம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனைப் புகுவிழா எதற்கும் இந்த விலக்கு கிடையாது. உங்கள் பக்கத்தில் பேராவூரணி வட்டாரத்தில் நடக்கும் மொய் விருந்துக்கும் கல்யாண விலக்கு பொருந்தாது.

மாமாவின் பணத்துக்கு வரி இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர் மாமா என்று காட்ட வேண்டும். அப்பா, அம்மா என்றால் பிறப்புச் சான்றிதழ் போதும். தாய்மாமனுக்கும் உங்களுக்கும் உள்ள உறவைச் சொல்லும் ஒற்றைக் காகிதம் எங்கே இருக்கிறது? நமக்குக் குடும்பப் பெயரும் இல்லை. உங்கள் முன்னெழுத்து உங்கள் அப்பாவுடையது, மாமாவின் முன்னெழுத்து தாத்தாவுடையது. இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்தால் ஒரு தொடர்பும் தெரியாது. நான் கண்ட எளிய வழி, தாத்தா காலமான பிறகு தாலுகா அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ். அதில் உங்கள் அம்மாவும் மாமாவும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று இருக்கும். அதோடு அம்மாவின் பெயர் உள்ள உங்கள் பிறப்புச் சான்றிதழைச் சேர்த்தால் சங்கிலி முழுமையாகிவிடும். அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் அம்மா, மாமா இருவருடைய பள்ளிச் சான்றிதழ்களும் உதவும்.

மாமாவிடமிருந்து ஒரு கடிதமும் வாங்குங்கள். நான் இன்னார், இன்னாருடைய தாய்மாமன், இந்தத் தேதியில் இந்த வங்கிக் கணக்கிலிருந்து இவ்வளவு டாலரை அன்பளிப்பாக அனுப்பினேன், திருப்பித் தர வேண்டியதில்லை என்று நான்கு வரி. கீழே நீங்கள் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து. பணத்தை அன்பளிப்பாகத் தருவதற்குப் பத்திரப் பதிவு கட்டாயம் இல்லை. முத்திரைத்தாளில் எழுதுவது கூடுதல் உறுதி, அவ்வளவே. அவருடைய கடவுச்சீட்டின் நகல், பணம் புறப்பட்ட கணக்கின் அறிக்கை ஆகியவற்றையும் கேளுங்கள். மாமாவிடம் இதையெல்லாம் கேட்கச் சங்கடமாக இருக்கும், தெரியும். ஆனால் பெரிய தொகை வரும்போது வருமான வரித்துறை பார்ப்பது மூன்று: தந்தவர் யார், தரும் வசதி அவருக்கு இருந்ததா, உண்மையில் தந்தாரா. மூன்றில் ஒன்றைக் காட்ட முடியாவிட்டாலும், அதை விளக்கம் இல்லாத பணம் என்று வைத்து, சாதாரண விகிதத்தைவிடக் கடுமையான விகிதத்தில் வரி போட இடம் இருக்கிறது. திருப்பித் தருவதாகப் பேச்சு இருந்தால் அதை அன்பளிப்பு என்று எழுதாதீர்கள். கடனுக்கு விதிகள் வேறு.

பணம் வரும் வழி. உறவினர் தனிப்பட்ட அன்பளிப்பாக வங்கி மூலம் அனுப்புவதற்கு இந்தியப் பக்கத்தில் உச்சவரம்பு இல்லை. ரிசர்வ் வங்கியிடம் அனுமதி கேட்கவும் வேண்டாம். வரும் பணத்துக்கு ஒரு நோக்கக் குறியீடு போடுவார்கள். தனிப்பட்ட அன்பளிப்புக்கு பி 1302. குடும்பப் பராமரிப்புக்கு பி 1301. மாமாவின் பணம் முதல் வகை. வங்கி கேட்டு அனுப்பும் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு முதலில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். ஒருவருக்கு அக்கா அனுப்பிய பணம் ஏதோ தொழில் சேவைக்கான ஊதியம் என்ற குறியீட்டில் பதிவாகி, அதைத் திருத்த அவர் மாதக்கணக்கில் அலைந்தார். பணம் வரவானதும் வெளிநாட்டு உள்வரவுக்கான அறிவிப்புச் சீட்டை வங்கியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால்தான் தருவார்கள்.

சிங்கப்பூரின் பேநவ் முறையும் நம் யூ.பி.ஐ.யும் 2023 பிப்ரவரியில் இணைந்தன. கைப்பேசி எண்ணுக்கே பணம் வந்துவிடும். ஆனால் நாளொன்றுக்கு 1,000 சிங்கப்பூர் டாலர்தான். 30,000 டாலருக்கு அது ஏற்ற வழி அல்ல. தெருமுனைப் பணப்பரிமாற்றக் கடைகளின் வழியில் ஒரு தடவைக்கு 2,500 அமெரிக்க டாலர், ஓர் ஆண்டில் 30 தடவை என்று கட்டுப்பாடு இருக்கிறது. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகவும் தரமாட்டார்கள். உங்கள் தொகைக்கு வங்கியிலிருந்து வங்கிக்கு வருவதே முறை.

இங்கே ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் வரியைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் பலர் மாற்று விகிதத்தில் போகும் பணத்தைப் பார்ப்பதே இல்லை. செய்தியில் ஒரு சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய் என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். அது வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை. உங்களுக்கு வங்கி தருவது தந்திவழிப் பணத்துக்கான கொள்முதல் விலை, உதாரணத்துக்கு 64 ரூபாய் 20 காசு. வித்தியாசம் 80 காசுதான். 30,000 டாலருக்கு அது 24,000 ரூபாய். மாற்றிய தொகைக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு, ஆனால் முழுத் தொகைக்கு அல்ல: 10 லட்சத்துக்கு மேற்பட்டால் 5,500 ரூபாயோடு மீதியின் 0.1 சதவீதத்தைக் கூட்டி, அந்தத் தொகைக்கு மட்டும் 18 சதவீதம். உங்கள் 19,26,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 1,157 ரூபாய் வரும். ஆயிரத்துச் சொச்சம் ஜி.எஸ்.டி.க்கு வருத்தப்படுகிறவர்கள் 24,000 போவதைக் கவனிப்பதில்லை. இவ்வளவு பெரிய தொகை வரும்போது கிளை மேலாளரை முன்கூட்டியே பார்த்து, இன்னும் நல்ல விகிதம் வாங்கித் தர முடியுமா என்று கேளுங்கள். கேட்கிறவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. மாமாவும் அங்கே இரண்டு மூன்று இடங்களில் கேட்கட்டும். கட்டணம் இல்லை என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, கடைசியில் உங்கள் கணக்கில் எத்தனை ரூபாய் விழும் என்று மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள். நடுவில் இருக்கும் வங்கிகள் பிடித்துக்கொள்ளும் கட்டணத்தை அனுப்புபவரே ஏற்பதாகத் தெரிவு செய்தால், கடிதத்தில் எழுதிய தொகையும் வந்து சேரும் தொகையும் பொருந்தும். அதுவும் ஒரு நன்மை.

டாலர் ஏறட்டும் என்று காத்திருக்கலாமா என்றால், கொத்தனாருக்குக் கூலி தர வேண்டிய பணத்தை வைத்துக் காத்திருக்காதீர்கள் என்பேன்.

வெளிநாட்டு நோட்டாகவே வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே வந்து போகும் உறவினர் பரிசாகத் தந்தால் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான் நீங்கள் நோட்டாக வைத்துக்கொள்ளலாம். மேற்பட்டதை அங்கீகாரம் பெற்ற இடத்தில் மாற்றிவிட வேண்டும். மாமா கையில் கொண்டுவருவதானால், நோட்டு மட்டும் 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால் விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் அறிவிப்புப் படிவம் தர வேண்டும். அதைவிட முக்கியம்: ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே நிகழ்வை ஒட்டி, 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு. வரி விலக்குள்ள உறவினர் என்பதால் இதில் சலுகை இல்லை. கல்யாண மண்டபத்தில் நண்பர் 3 லட்சத்தை உறையில் போட்டு நீட்டினால் அன்போடு மறுத்து, வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள்.

உண்டியல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அங்கே டாலரை வாங்கிக்கொண்டு இங்கே வீட்டு வாசலில் ரூபாயைத் தருவார்கள், விகிதமும் கூடுதலாக இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் வரும் பணத்தை அங்கீகாரம் இல்லாதவர் வழியாக வாங்குவதே குற்றம்; தொகையைப்போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அதோடு, மாமா தந்தார் என்பதற்கு ஒரு சான்றும் இருக்காது. வரி இல்லாத பணத்தை நீங்களே விளக்கம் இல்லாத பணமாக ஆக்கிக்கொள்வீர்கள்.

மாமா நிரந்தரவாசிதான், இந்தியக் குடிமகனாகவே இருக்கிறார் என்பது நல்லது. இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் கதை வேறு. அந்தச் சட்டத்தின்படி, வெளிநாட்டுக் குடிமகனான உறவினரிடமிருந்து ஓர் ஆண்டில் 10 லட்சத்துக்கு மேல் வந்தால் மூன்று மாதத்துக்குள் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் உறவினர் பட்டியலும் வேறு, சிறியது. தாய்மாமன் அதில் இல்லை. ஆகவே அமெரிக்க அண்ணன் குடியுரிமை வாங்கிவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கியிருந்தால் அவர் பணத்தை ஏற்பதற்கு முன் ஆடிட்டர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

அனுப்புகிறவர்களுக்கு அங்கே என்ன? சிங்கப்பூரிலும் துபாயிலும் அன்பளிப்பு வரி இல்லை. அமெரிக்காவில் உண்டு, ஆனால் கொடுப்பவருக்கு. 2025இல் ஒருவருக்கு ஆண்டுக்கு 19,000 டாலர் வரை படிவம்கூடத் தர வேண்டாம். 5 லட்சம் ரூபாய் அதற்குள் அடங்கிவிடும். 2026 ஜனவரி முதல் ரொக்கமோ மணியார்டரோ கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் அங்கே 1 சதவீத வரி பிடிக்கிறார்கள். அண்ணன் தன் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் அது கிடையாது.

கணவர் வெளிநாட்டில் இருந்து அனுப்பும் பணத்தில் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பணத்துக்கு உங்களுக்கு வரி இல்லை. ஆனால் அதை வைப்புநிதியில் போட்டு வரும் வட்டி, சட்டப்படி கணவரின் வருமானத்தில் சேரும். மாமனார், மாமியார் மருமகளுக்குத் தருவதற்கும் அப்படியே, வட்டி தந்தவரின் வருமானத்தில் சேரும். தாய்மாமன் தருவதற்கு அந்தச் சிக்கல் இல்லை. அதில் வரும் வட்டி உங்கள் வருமானம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: மாமா அனுப்புவதற்கு முன் உங்கள் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பான் அட்டைப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்னெழுத்தை விரித்து எழுதியதால் மட்டுமே பணம் வழியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். மகளுக்குத் தனிக் கணக்கு இல்லையென்றால் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். அண்ணனின் பணத்தை எப்படி வாங்குவது என்று முடிவானதும், வரி 10,000 ரூபாயைத் தாண்டும் என்று தெரிந்தால் முன்கூட்டிய வரியாகத் தவணையில் கட்டுங்கள், இல்லையென்றால் வட்டி ஏறும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அண்ணன் தந்தது இதர வருமானத்தில் போகட்டும். மாமா தந்ததை விலக்கு பெற்ற வருமானத்தின் கீழ்க் காட்டிவிடுங்கள். அவர் கடிதம் தமிழில் இருந்தாலும் பரவாயில்லை. என்னிடம் வந்தவற்றில் சில, 'அன்புள்ள பாப்பாவுக்கு' என்றுதான் தொடங்கின.